வீட்டு பேட்டரி ஆப்பும் வீட்டு வைஃபையும்: செட்டிநாட்டு வீடுகளிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கத்து வீடுகளில் சோலார் பேனலும் லித்தியம் பேட்டரியும் பொருத்தும் வேலையில் இருக்கிறேன். வேலையை முடித்துக் கொடுத்த பிறகு எனக்கு வரும் அழைப்புகளில் பேட்டரி பழுது என்று வருபவை குறைவு. "ஆப்பில் ஒன்றுமே தெரியவில்லை" என்று வருபவையே அதிகம். ஒரே விடையை இரவு ஒன்பது மணிக்கும் பத்து மணிக்கும் வெவ்வேறு வீட்டாருக்குச் சொல்ல நேர்ந்ததால், அவற்றை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். உங்கள் செயலியில் பொத்தான்களின் பெயர்கள் சற்று வேறாக இருக்கலாம்.

1. ஆப்பைத் திறந்தால் "சாதனம் கிடைக்கவில்லை" என்கிறது. பேட்டரி போய்விட்டதா, தம்பி?

இல்லை. முதலில் இன்வெர்ட்டரின் முகப்புத் திரையைப் பாருங்கள். அதில் பேட்டரியின் சதவீதமும் சுமையும் தெரிந்தால் பேட்டரி நலமாக இருக்கிறது, அதன் செய்தி உங்கள் கைபேசிக்கு வந்து சேரவில்லை என்பது மட்டுமே பொருள். மின்சாரம் ஓடும் கம்பி வேறு, செய்தி ஓடும் வழி வேறு. செயலியே இல்லாவிட்டாலும் பேட்டரி தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

செய்தி வரும் வழியில் நான்கு பேர் இருக்கிறார்கள்: பேட்டரியும் இன்வெர்ட்டரும், அவற்றில் செருகியிருக்கும் விரல் நீள வைஃபை டாங்கிள், வீட்டு ரவுட்டர், உங்கள் கைபேசி. டாங்கிளில் சிறு விளக்குகள் எரியும். ஒன்று இன்வெர்ட்டரோடு பேசுவதையும், இன்னொன்று ரவுட்டரோடு இணைந்திருப்பதையும் காட்டும். இரண்டாவது விளக்கு அணைந்தோ விட்டுவிட்டோ எரிந்தால் சிக்கல் டாங்கிளுக்கும் ரவுட்டருக்கும் இடையில். இரண்டும் நிலையாக எரிந்தால் சிக்கல் பெரும்பாலும் உங்கள் கைபேசியில். இந்த ஒரு பார்வையிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

2. இன்டர்நெட் ரீசார்ஜ் முடிந்துவிட்டது. வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறேன், பேட்டரியைப் பார்க்க முடியாதா?

உங்கள் செயலியில் உள்ளூர் இணைப்பு என்ற வசதி இருந்தால் பார்க்கலாம். செயலி இரண்டு வழிகளில் பேட்டரியைப் பார்க்கிறது. ஒன்று, டாங்கிள் தன் கணக்கை இணையத்தின் வழியாக நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்ப, கைபேசி அங்கிருந்து எடுத்துப் படிப்பது. மற்றொன்று, கைபேசியும் டாங்கிளும் ஒரே ரவுட்டரின் கீழ் நேருக்கு நேர் பேசிக்கொள்வது. இரண்டாவதற்கு இணையம் தேவையில்லை. ரவுட்டர் எரிந்துகொண்டிருந்தால் போதும். சில மலிவான செயலிகளில் முதல் வழி மட்டுமே உண்டு. வாங்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது.

இங்கே ஒரு குறும்பு உண்டு. வைஃபையில் இணையம் இல்லை என்று கண்டுகொண்டதும் பெரும்பாலான கைபேசிகள் உங்களைக் கேட்காமலேயே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். திரையின் மேல் வைஃபை சின்னம் இருந்தாலும் செயலியின் பேச்சு டவர் வழியாக வெளியே போய்க்கொண்டிருக்கும். ஆகவே இணையம் இல்லாத நேரத்தில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, "இந்த வைஃபையில் இணையம் இல்லை, தொடரலாமா" என்று கைபேசி கேட்டால் தொடரலாம் என்றே சொல்லுங்கள். டாங்கிளை முதன்முறை அமைக்கும்போது அது தானே வெளியிடும் தற்காலிக வைஃபையில் சேர்கிறோமே, அங்கும் இதே எச்சரிக்கை வரும், இதே விடைதான்.

3. நான் ஒரே வைஃபையில்தான் இருக்கிறேன். அதை எப்படி உறுதியாகத் தெரிந்துகொள்வது?

வைஃபையின் பெயரை நம்பாதீர்கள், எண்ணைப் பாருங்கள். கைபேசியின் வைஃபை செட்டிங்ஸில் இணைந்திருக்கும் பெயரைத் தொட்டால் ஐபி முகவரி என்று நான்கு பகுதி எண் ஒன்று தெரியும்: 192.168.1.23 என்பதைப் போல. டாங்கிளின் எண்ணை ரவுட்டரின் பக்கத்தில் (உலாவியில் திறக்கும் அதன் அமைப்புப் பக்கம்), இணைந்துள்ள சாதனங்களின் பட்டியலில் காணலாம். வீட்டு ரவுட்டர்களில் வழக்கமாக முதல் மூன்று பகுதிகள் இரண்டுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். கைபேசி 192.168.1.23, டாங்கிள் 192.168.1.40 என்றால் இருவரும் ஒரே தெருக்காரர்கள். ஒன்று 192.168.1 என்றும் மற்றது 192.168.0 என்றும் தொடங்கினால் வீட்டில் இரண்டு நெட்வொர்க்குகள் இருக்கின்றன. அதற்கான விடை 10ஆம் கேள்வியில் வருகிறது.

எண் 169.254 என்று தொடங்கினால், அந்தச் சாதனத்துக்கு ரவுட்டர் முகவரியே கொடுக்கவில்லை என்று பொருள். அது தானாக ஒரு எண்ணை வைத்துக்கொண்டு காத்திருக்கிறது.

4. மகனுடைய ஆண்ட்ராய்டில் வருகிறது, என் ஐபோனில் மட்டும் வரவில்லை. ஒரே ஆப், ஒரே வைஃபை. ஏன்?

2020இல் வந்த ஐ.ஓ.எஸ். 14 முதல், ஒரு செயலி வீட்டு நெட்வொர்க்கில் உள்ள மற்றச் சாதனங்களைத் தேட வேண்டுமானால் உங்களிடம் தனியாக அனுமதி பெற வேண்டும். செயலியை முதன்முறை திறந்தபோது ஒரு சிறு பெட்டி அதைக் கேட்டிருக்கும். "எதற்கு வம்பு" என்று வேண்டாம் என்று தட்டியிருப்பீர்கள். செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் லோக்கல் நெட்வொர்க் என்ற பகுதிக்குச் சென்று, பேட்டரி செயலிக்கு எதிரே உள்ள பொத்தானைப் பச்சையாக்குங்கள். ஏற்கெனவே பச்சையாக இருந்தும் வரவில்லை என்றால் ஒருமுறை அணைத்துப் போட்டு, கைபேசியை மறுதொடக்கம் செய்யுங்கள்.

இந்த அனுமதிதான் சிக்கலா என்று ஐயமில்லாமல் அறிய ஒரு வழி உண்டு. பல டாங்கிள்களுக்குச் சொந்தமாக ஒரு சிறு பக்கம் இருக்கும். சஃபாரியில் அதன் ஐபி எண்ணை எச்.டி.டி.பி. என்று தொடங்கித் தட்டச்சு செய்யுங்கள். அந்த முன்னொட்டில் கடைசியாக எஸ் சேர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சஃபாரிக்கு இந்த அனுமதி தேவையில்லை என்பதால், சஃபாரியில் பக்கம் திறந்து செயலியில் வரவில்லை என்றால் வழி சரியாக இருக்கிறது, செயலியைத்தான் வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்.

ஆண்ட்ராய்டிலும் அனுமதிச் சிக்கல் இல்லாமல் இல்லை. வைஃபைகளைத் தேட இருப்பிட அனுமதியும், ஆண்ட்ராய்டு 13 முதல் அருகிலுள்ள சாதனங்கள் என்ற அனுமதியும் சில செயலிகளுக்கு வேண்டும். இரண்டு வகைக் கைபேசிகளிலும் வி.பி.என். செயலி ஏதேனும் ஓடினால் அதை அணைத்துவிட்டுப் பாருங்கள். அலுவலக வேலைக்காகப் போட்ட வி.பி.என்., வீட்டுக்குள் போக வேண்டிய பேச்சையும் தன் வழியே வெளியே இழுத்துச் சென்றுவிடும்.

5. புதிதாக டாங்கிளை அமைக்கிறேன். பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் தெரிகிறது, எங்கள் வீட்டுடையது மட்டும் தெரியவில்லை.

பெரும்பாலான டாங்கிள்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் மட்டுமே பேசும். புதிய ரவுட்டர்கள் 2.4, 5 என்று இரண்டு அலைகளில் பேசும். யாரோ வேகம் வேண்டும் என்று 2.4ஐ அணைத்திருந்தால் டாங்கிளின் கண்ணுக்கு உங்கள் வீட்டு ரவுட்டரே தெரியாது. ரவுட்டரின் பக்கத்தில் 2.4ஐ இயக்குங்கள். அமைத்த பிறகு கைபேசி 5இல் இருந்தாலும் தவறில்லை; இரண்டும் ஒரே ரவுட்டரின் இரண்டு வாசல்கள்தான். பெயர் தெரிந்தும் கடவுச்சொல்லை ஏற்க மறுத்தால், ரவுட்டரின் பாதுகாப்பு முறை டபிள்யூ.பி.ஏ.3 மட்டும் என்று இருக்கிறதா பாருங்கள். பழைய டாங்கிள்களுக்கு டபிள்யூ.பி.ஏ.2 வேண்டும்.

ஒரு வீட்டில் வைஃபைக்கு "நம் வீடு" என்று தமிழிலேயே பெயர் வைத்திருந்தார்கள். எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் டாங்கிளின் பட்டியலில் அது கேள்விக்குறிகளாகத்தான் தெரிந்தது, தேர்ந்தெடுத்தாலும் சேரவில்லை. வைஃபைப் பெயருக்கு மொத்தமே 32 பைட் இடம்தான். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் ஆகும், அதிலும் புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறிகள். பழைய சாதனங்கள் ஆங்கில எழுத்தை மட்டுமே எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. மனமில்லாமல்தான் பெயரை மாற்றச் சொன்னேன்.

6. கரண்ட் போனால்தானே பேட்டரி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும்? அப்போதுதான் ஆப் வேலை செய்ய மாட்டேன் என்கிறது!

நியாயமான கோபம். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு ஈபியில் நிறுத்திவிட்டால் மாலைவரை பேட்டரியை நம்பித்தான் இருக்க வேண்டும். இந்தப் புகார் வந்த வீடுகளில் நான் முதலில் பார்ப்பது ரவுட்டர் செருகியிருக்கும் பிளக்கைத்தான். விளக்குகளும் மின்விசிறிகளும் பேட்டரி சர்க்யூட்டில் இருக்கும். ஃபைபர் மோடமும் ரவுட்டரும் முகப்பில், தொலைக்காட்சிக்குப் பின்னால், ஈபி நேரடி பிளக்கில் இருக்கும். கரண்ட் போனதும் பேட்டரியும் கைபேசியும் விழித்திருக்க, நடுவில் இருப்பவர் தூங்கிவிடுகிறார்.

ரவுட்டரை பேட்டரி சர்க்யூட்டுக்கு மாற்றினால் பேட்டரி தீர்ந்துவிடுமோ என்று கேட்கிறார்கள். மோடமும் ரவுட்டரும் சேர்ந்து 20 வாட் எடுப்பதாகவே வைத்துக்கொள்வோம். 10 மணி நேரத்துக்கு 200 வாட்-ஹவர், அதாவது 0.2 யூனிட். வீடுகளில் பரவலாகப் பொருத்தும் 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஏறத்தாழ 5 யூனிட் கொள்ளும். நூற்றுக்கு நான்கு பங்கு. ஒரு மின்விசிறி அதைவிட அதிகம் எடுக்கும். சர்க்யூட்டை மாற்றும் வேலையை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். நீட்டிப்புக் கம்பியை நடையின் குறுக்கே இழுக்க வேண்டாம்.

7. கரண்ட் போய் வந்த பிறகு ஒவ்வொரு முறையும் சாதனம் தொலைந்துபோகிறது. மறுபடி சேர்க்க வேண்டியிருக்கிறது.

ரவுட்டர் மறுபடி எழும்போது ஐபி எண்களைப் புதிதாகப் பங்கிடுகிறது. நேற்று 192.168.1.40 என்று இருந்த டாங்கிளுக்கு இன்று 192.168.1.43 கிடைக்கலாம். நேற்றைய எண்ணை நினைவில் வைத்திருக்கும் செயலி பழைய வாசலில் போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். ரவுட்டரின் பக்கத்தில், எண்களைப் பங்கிடும் டி.எச்.சி.பி. பகுதியில் முகவரி ஒதுக்கீடு என்ற வசதி இருக்கிறது. டாங்கிளின் மேல் அச்சிட்டிருக்கும் மேக் முகவரியை (அந்தச் சாதனத்துக்கே உரிய அடையாள எண்) கொடுத்து ஓர் எண்ணை அதற்கென்றே எழுதி வைத்துவிட்டால் அந்த எண் பிறகு மாறாது. ஐந்து நிமிட வேலை. நான் பொருத்தும் எல்லா வீடுகளிலும் இதைச் செய்த பிறகே கிளம்புகிறேன். முன்பு செய்யாமல் விட்ட வீடுகளிலிருந்துதான் இந்தக் கேள்வி வருகிறது, அது என் குறை.

ரவுட்டர் பேட்டரி சர்க்யூட்டில் இருந்தும் கரண்ட் போகும் நொடியில் அணைந்து எழுகிறது என்றால், இன்வெர்ட்டரின் பின்புறம் அல்லது பக்கவாட்டில் உள்ள தேர்வுப் பொத்தான் யு.பி.எஸ். நிலையில் இருக்கிறதா பாருங்கள். மற்ற நிலையில் மாறும் நேரம் சற்றுக் கூடுதல்; மின்விசிறிக்கு அது தெரியாது, ரவுட்டருக்குத் தெரியும்.

8. ரவுட்டர் முகப்பில் இருக்கிறது, பேட்டரி மூன்றாங்கட்டில் இருக்கிறது. வைஃபை அங்கே எட்டவே மாட்டேன் என்கிறது.

இது நம் ஊர் வீடுகளுக்கே உரிய சிக்கல். ஃபைபர் கம்பி முன் தெருவிலிருந்து வருவதால் ரவுட்டர் முகப்பில் உட்கார்ந்துவிடுகிறது. பேட்டரியை வெயில் படாத, ஆள் நடமாட்டமில்லாத பின்கட்டில் வைக்கிறோம். இடையில் பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் வீடு. சுண்ணாம்புக் காரையும் செங்கல்லுமாக எழுப்பிய கனத்த சுவர் ஒவ்வொன்றும் அலையில் ஒரு பங்கைத் தின்றுவிடும். ரசம் பூசிய பெரிய பெல்ஜியம் கண்ணாடிகளும் உலோகத் தகடு வேய்ந்த கூரைகளும் அலையைத் திருப்பியே அடிக்கும். ரவுட்டரை அப்படியொரு கண்ணாடியின் பின்னால் மறைத்து வைத்திருந்த வீட்டைப் பார்த்திருக்கிறேன்.

செலவில்லாத முதல் வழி, கதவுகளின் நேர்கோட்டைப் பயன்படுத்துவது. முன்வாசலில் நின்றால் பின்வாசல் தெரியும்படி கதவுகளை ஒரே கோட்டில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். காற்றுக்காக வைத்த அந்தக் கோடு அலைக்கும் நல்ல பாதை. ரவுட்டரை அறைக்குள்ளிருந்து எடுத்து அந்தக் கோட்டில், ஆள் உயரத்துக்கு மேல் வையுங்கள். டாங்கிள் இன்வெர்ட்டருக்கும் சுவருக்கும் இடையில் ஒடுங்கியிருந்தால், அதன் நிறுவனம் தரும் நீட்டிப்புக் கம்பியால் ஓர் அடி வெளியே இழுத்துத் தொங்கவிடுங்கள்.

நிலையான தீர்வு கம்பிதான். ஒரு ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர்வரை தடங்கலின்றிப் போகும். எந்தச் செட்டிநாட்டு வீட்டுக்கும் பெரும்பாலும் அது போதும். சுவரைத் துளைக்க வேண்டாம், பழைய மின்கம்பி போகும் மரப்பட்டியின் ஓரமாகவே கொண்டுபோகலாம். மொட்டை மாடி வழியாக வெட்டவெளியில் இழுப்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்வதில்லை. கோடை இடி ஒன்று பக்கத்தில் விழுந்தால் அந்தக் கம்பி வழியே ரவுட்டரையும் டாங்கிளையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும்.

9. பகலெல்லாம் நன்றாக வருகிறது. இரவில் மட்டும் வருவதில்லை. பேட்டரி இரவில் தூங்குமா?

கானாடுகாத்தானில் ஓர் ஆச்சி கேட்ட கேள்வி இது. இதை நான் முதலில் நம்பவில்லை. இரவில் பேனலிலிருந்து மின்சாரம் வராததால் சில டாங்கிள்கள் அணைந்துவிடும் என்பது உண்மைதான், ஆனால் அது பேட்டரி இல்லாத சோலார் இன்வெர்ட்டர்களில். இங்கே பேட்டரி இருக்கிறது, டாங்கிள் விழித்துத்தான் இருக்கிறது. மாலை ஆறரை மணிக்கு இன்வெர்ட்டர் அருகே உட்கார்ந்து, கைபேசியில் ரவுட்டரின் அலை வலுவைக் காட்டும் செயலியைத் திறந்து வைத்திருந்தேன். எண் மைனஸ் 74 என்று நின்றது. பலவீனம்தான், ஆனாலும் பேச்சு நடக்கும். ஏழு மணிக்கு வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் வளவுக்கும் இரண்டாங்கட்டுக்கும் இடையிலுள்ள இரட்டைக் கதவைச் சாத்தி இரும்புத் தாழ்ப்பாளைப் போட்டார். எண் மைனஸ் 86க்கு இறங்கியது, டாங்கிளின் இரண்டாவது விளக்கு அணைந்தது.

கனத்த பர்மாத் தேக்குக் கதவு அது. கதவைத் திறந்தே வைத்திருங்கள் என்று ஆச்சியிடம் சொல்ல முடியுமா? கம்பி இழுத்துக் கொடுத்தோம்.

10. அலை எட்டவில்லை என்று இன்னொரு ரவுட்டர் வாங்கி நடுவில் மாட்டினேன். இப்போது வைஃபை முழுக்க இருக்கிறது, பேட்டரிதான் இல்லை.

இரண்டாவது ரவுட்டர் தனியாக ஒரு நெட்வொர்க்கைத் தொடங்கிவிட்டது. 3ஆம் கேள்வியில் சொன்னபடி எண்களைப் பார்த்தால் ஒன்று 192.168.1 என்றும் மற்றது 192.168.0 என்றும் இருக்கும். டாங்கிள் புதிய ரவுட்டரில், கைபேசி பழையதில் என்றால் கைபேசிக்கு டாங்கிள் தெரியவே தெரியாது. மாறாக, கைபேசி புதியதிலும் டாங்கிள் பழையதிலும் இருந்தால், ஐபி எண்ணை நேரடியாகக் கொடுத்தால் பெரும்பாலும் பேசும், ஆனால் செயலியின் தானியங்கித் தேடலில் சிக்காது. ஏனென்றால் அந்தத் தேடல் "யாரேனும் இருக்கிறீர்களா" என்று ஒரு நெட்வொர்க்குக்குள் மட்டும் குரல் கொடுப்பது. ரவுட்டரின் சுவரைத் தாண்டி அந்தக் குரல் போகாது.

புதிய ரவுட்டரின் பக்கத்தில் ஆக்சஸ் பாயின்ட் என்ற நிலையைத் தேர்ந்தெடுங்கள். அந்த வசதி இல்லாத பழைய ரவுட்டர் என்றால், அதன் டி.எச்.சி.பி.யை அணைத்து, அதன் சொந்த எண்ணை முதல் ரவுட்டரின் வரிசையில் வேறு யாருக்கும் தராத ஓர் எண்ணாக மாற்றி, கேபிளை வான் (WAN) என்ற துளையில் செருகாமல் லான் (LAN) துளையில் செருகுங்கள். மெஷ் என்று விற்பவை இந்த வேலையைத் தாமே செய்துகொள்ளும். விலை கூடுதல், தலைவலி குறைவு.

11. படைப்புக்குப் பங்காளிகள் எல்லோரும் வந்தார்கள், எல்லோருக்கும் வைஃபை பாஸ்வேர்டு கொடுத்தேன். மறுநாள் பேட்டரியைக் காணோம்.

ஆண்டு முழுவதும் இருவர் இருக்கும் வீட்டில் இரண்டே நாளில் அறுபது கைபேசிகள். ரவுட்டர் பங்கிடுவதற்கு 50 எண்கள் மட்டுமே வைத்திருப்பதாகக் கொள்ளுங்கள்; வந்தவர்கள் ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொள்வார்கள், அவர்கள் காரேறிப் போன பிறகும் கெடு முடியும்வரை, பல ரவுட்டர்களில் ஒரு நாள், அந்த எண் அவர்கள் பெயரிலேயே இருக்கும். இடையில் டாங்கிள் ஒருமுறை அணைந்து எழுந்தால் அதற்கு இலையில்லை. 7ஆம் கேள்வியில் சொன்ன ஒதுக்கீட்டைச் செய்திருந்தால் அதன் இடத்தை வேறு யாரும் எடுக்க முடியாது. அவசரத்துக்கு ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டாலும் பட்டியல் பெரும்பாலும் காலியாகும்.

விருந்தினருக்கு ரவுட்டரின் கெஸ்ட் நெட்வொர்க்கைத் தருவதே முறை. அதில் சேர்ந்தவர்கள் இணையத்தைப் பார்க்கலாம், வீட்டுச் சாதனங்களைத் தொட முடியாது. அதே காரணத்தால், தவறுதலாக நீங்களும் அதில் சேர்ந்துவிட்டால் உங்களுக்கும் பேட்டரி தெரியாது. விழா முடிந்து ஒரு வாரம் கழித்து இப்படி ஓர் அழைப்பு வந்தது.

12. நானும் அண்ணனும் ஒரே நேரத்தில் திறந்தால் ஒருவருக்குத்தான் வருகிறது.

டாங்கிளுக்குள் இருப்பது சிறிய சில்லு. உள்ளூர் இணைப்பில் ஒரே நேரத்தில் ஒருவரோடு அல்லது ஓரிருவரோடு மட்டுமே பேசும்படி பலவற்றை அமைத்திருக்கிறார்கள். பேட்டரியோடு புளூடூத்தில் பேசும் செயலிகளிலும் பெரும்பாலும் இதே கதை. செயலியைப் பின்னணியில் ஓடவிடாமல் முழுதாக மூடிவிட்டு மற்றவரைத் திறக்கச் சொல்லுங்கள்.

13. நாங்கள் சிங்கப்பூரில் இருக்கிறோம். காரைக்குடி வீட்டு பேட்டரியை லோக்கல் கனெக்ஷனில் பார்க்க ரவுட்டரில் போர்ட் திறந்துவிடச் சொல்கிறார்கள். செய்யலாமா?

செய்யாதீர்கள். உள்ளூர் இணைப்பு என்பது வீட்டுக்குள் இருப்பவர்களை நம்பிச் செய்யப்பட்டது. பல இன்வெர்ட்டர்கள் பேசும் மாட்பஸ் என்ற மொழிக்கு, அதன் வழக்கமான 502ஆம் போர்ட்டில், கடவுச்சொல் என்ற ஒன்றே கிடையாது; கேட்பவர் யாராக இருந்தாலும் விடை சொல்லும், மாற்றச் சொன்னால் மாற்றியும் கொள்ளும். அதை உலகத்துக்குத் திறந்துவிடுவது பூட்டிய வீட்டின் பின்வாசலை மட்டும் திறந்து வைத்துவிட்டு ஊருக்குப் போவதற்குச் சமம்.

வெளியூரிலிருந்து பார்க்க நிறுவனத்தின் சர்வர் வழியே போதும். அதில் நம்பிக்கை இல்லாதவர்கள் வீட்டு ரவுட்டரில் வி.பி.என். அமைத்து, சிங்கப்பூரில் இருக்கும் கைபேசியை வீட்டுக்குள் இருப்பதுபோல் ஆக்கிக்கொள்ளலாம். ஆனால் முதலில் ரவுட்டரின் வான் (WAN) முகவரியை, அதாவது இணையத்தின் பக்கம் அதற்குக் கிடைத்திருக்கும் எண்ணைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கினால், இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்திருக்கிறது. வெளியிலிருந்து நேராக உள்ளே வர வழியில்லை. நிலையான பொது முகவரி ஒன்றைக் கட்டணம் கட்டி வாங்க வேண்டும், அல்லது வீட்டிலிருந்து தானே வெளியே வந்து இணையும் வகை வி.பி.என். வேண்டும்.

14. இன்டர்நெட் இல்லாமல் லோக்கலில் மட்டும் ஓடுகிறது. வரைபடத்தில் காலை ஏழு மணிக்கே வெயில் உச்சத்தில் இருக்கிறதே?

டாங்கிளின் கடிகாரம் கிரீன்விச் நேரத்தில் ஓடுகிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். காரைக்குடியில் வெயில் உச்சிக்கு வருவது பகல் 12 மணியைச் சற்றுத் தாண்டி. ஐந்தரையைக் கழித்தால் காலை ஏழுக்குக் கொஞ்சம் முன். டாங்கிளின் அமைப்பில் நேர மண்டலத்தைப் பிளஸ் 5.30 என்று மாற்றுங்கள்.

நாள் 1970 ஜனவரி 1 என்று காட்டினால் கடிகாரமே நின்றுபோயிருக்கிறது. இணையம் இல்லாமல் அணைந்து எழும் சாதனத்துக்கு இன்று என்ன நாள் என்று சொல்ல ஆளில்லை. கணினிகள் நாளை எண்ணத் தொடங்கும் புள்ளிக்கே அது திரும்பிவிடும். கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் வைஃபைப் பெயரையும் கடவுச்சொல்லையும் வீட்டு ரவுட்டருடையதைப் போலவே வைத்து, ரவுட்டரை அணைத்துவிட்டுச் சிறிது நேரம் இணையம் கொடுத்தால் நேரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

15. இணைப்பு சரியாக இருக்கிறது. ஆனால் இன்வெர்ட்டர் 62 என்கிறது, ஆப் 80 என்கிறது. எதை நம்புவது?

செயலியில் "கடைசியாகப் புதுப்பித்தது" என்று சிறிய எழுத்தில் ஒரு நேரம் இருக்கும். அது இரண்டு மணி நேரத்துக்கு முந்தையது என்றால் நீங்கள் பார்ப்பது பழைய கணக்கு. செயலி சர்வரில் கிடந்ததைக் காட்டுகிறது, உள்ளூர் இணைப்பில் இல்லை. 2ஆம் கேள்விக்குத் திரும்புங்கள்.

நேரமும் சரியாக இருந்து எண்கள் வேறுபட்டால் அது நெட்வொர்க் சிக்கலே இல்லை. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியின் வோல்டேஜ் நடுப்பகுதியில் ஏறக்குறைய சமதளமாக இருப்பதால், அதை வைத்து மீதியைச் சொல்ல முடியாது. உள்ளே போன ஆம்பியரையும் வெளியே போனதையும் எண்ணித்தான் சதவீதம் சொல்கிறார்கள். எண்ணிக்கையில் சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே வரும். ஒருமுறை முழுதாக 100 வரை ஏற்றினால் கணக்கு நேராகும். அதன்பின் இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பேட்டரிக்குள் இருக்கும் கண்காணிப்புப் பலகையின் எண்ணை நம்புங்கள். பேட்டரியின் உள்விவகாரத்தை இதற்கு மேல் கேட்டால் எனக்கு வராது. 1953இலிருந்து மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கும் ஊர் காரைக்குடி. அந்த வளாகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் யாரேனும் உங்கள் தெருவிலேயே இருக்கக்கூடும்.

16. எல்லாம் செய்துவிட்டேன். ரீசெட் அடித்துவிடவா?

டாங்கிளின் ரீசெட்டை அடிக்கலாம். வைஃபைப் பெயரையும் கடவுச்சொல்லையும் மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். பேட்டரியில் சேர்ந்த கணக்கு அழியாது. ரவுட்டரின் பின்னால் குண்டூசியால் குத்தும் துளையைத் தொடாதீர்கள். இணைய நிறுவனம் கொடுத்த நுழைவுப் பெயரும் கடவுச்சொல்லும் பல ரவுட்டர்களில் அதற்குள்தான் இருக்கின்றன. அவை அழிந்தால் பேட்டரியோடு இணையமும் போகும், லைன்மேன் வரும்வரை காத்திருக்க வேண்டும். பேட்டரியின் பிரேக்கரையும் இதற்காக இறக்க வேண்டாம்.

அதற்குப் பிறகும் வரவில்லை என்றால் பொருத்தியவரை அழையுங்கள். அழைக்கும் முன் வாட்ஸ்அப்பில் மூன்று படங்களை அனுப்பிவிடுங்கள்: டாங்கிளின் விளக்குகள், கைபேசியின் ஐபி எண் தெரியும் திரை, செயலி காட்டும் பிழைச் செய்தி. விளக்குகளை மட்டும் படமாக எடுக்காமல் பத்து நொடி வீடியோவாக எடுங்கள். விட்டுவிட்டு எரியும் விளக்கு படத்தில் நிலையாக எரிவதுபோல்தான் தெரியும்.